தோசைக்கல் பறக்கிறது!

பறக்கும் பொருள் என்றால் இரண்டு செட்டையும் ஒரு வாலும் இருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பர். காகத்துக்கும் அப்படித்தான். கட்டுநாயக்காவில் நாம் ஏறிய விமானத்துக்கும் அப்படித்தான். செட்டையும் இல்லாமல், நீண்ட வாலும் இல்லாமல், தோசைக்கல்லைப் போல வட்டமாக ஒரு விமானம் இருந்தால் அது பறக்குமா?

பறக்கும். ஸ்டோவ்னரில் வாழும் ஐந்து தமிழ்க் குடும்பங்களாகிய நாம் ஒரு குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் கூடியிருந்து, பெட்டியில் பகுதி பகுதியாக வந்த அத்தகைய விமானமொன்றை ஒட்டிப் பூட்டிப் பறக்கவிட்டோம். நிலத்தில் நின்றபடி வானலை மூலம் கட்டுப்படுத்தும் சிறிய மாதிரி விமானம் அது. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'தோசைக்கல்'.

'இதெல்லாம் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, எமக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். இங்கு புதிதாக வந்து குடியமர்ந்திருக்கும் குடும்பங்களுக்கு இதிலே எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வட்டம் எப்படிப் பறக்கும்?

வட்ட விமானம் புதிய கற்பனையல்ல. அமெரிக்காவின் சவுத் பென்ட் நகரில் கிளொய்ட் ஸ்னைடர் என்றொரு பாத வைத்தியர் இருந்தார். சப்பாத்துக்குள் குதிக்காலின் கீழ் வைக்கும் கம்பளித் துண்டொன்றை அவர் ஒருநாள் சும்மா எறிந்து பார்க்க, அது விழாமல் மிதந்து சென்றது. அந்தத் துண்டின் வடிவத்தையே பெரிதாக்கி, 'அரூப்' என்ற பெயரில் மனிதர் ஏறிப் பறக்கும் விமானங்களை 1930களில் அவர் கட்டுவித்தார். அவையும் பறந்தன.

அதன்பின் சார்ள்ஸ் சிம்மர்மன் என்ற பொறியியலாளர் வோட் நிறுவனத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக வடிவமைத்த வட்ட விமானம் 1942 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 'பறக்கும் பான்கேக்' என்று அதைப் பகிடியாக அழைத்தார்கள். பான்கேக் என்பது எமது தோசைக்குத் தூரத்து உறவு. ஆகவே எமது பிள்ளைகள் வைத்த பெயரும் பிழையில்லை.

சாதாரண விமானத்தின் நீண்ட செட்டை, காற்றுக்கு எதிராக ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் தூக்கும் சக்தியைத் திடீரென இழந்துவிடும். மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து போய்விடுவதே காரணம். வட்டத் தட்டில் நடப்பது வேறு. அதன் இரு ஓரங்களாலும் கீழ்க்காற்று சுழன்று மேலே ஏறுகிறது. அந்தச் சுழல் மேற்பரப்புக் காற்றை அழுத்திப் பிடித்து வைத்திருப்பதால் தட்டு மிகவும் நிமிர்ந்த நிலையிலும் மெதுவாக மிதக்கும். இதற்கு விலையும் உண்டு. அந்தச் சுழல் விமானத்தைப் பின்னே இழுக்கிறது. அதனால் வட்ட விமானத்துக்கு வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை. எமக்கோ வேகம் தேவையில்லை. பிள்ளைகள் பயில்வதற்கு மெதுவாகப் பறப்பதே நல்லது.

வல்வெட்டித்துறைக் கடற்கரை

விசித்திர வடிவங்களைப் பறக்கவைப்பது எமது மக்களுக்குப் புதிதல்ல. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் விசித்திரப் பட்டப் போட்டியைப் பற்றி அறியாதவர் வடமராட்சியில் இருக்கமாட்டார். அங்கே கப்பல் பறக்கும். புகைவண்டி பறக்கும். பறவையும் மிருகமும் தேரும் பறக்கும். தட்டையான பட்டமல்ல, நீளம் அகலம் உயரம் மூன்றும் கொண்ட உருவங்கள். மூங்கிலைச் சீவி, வளைத்து, நூலால் வரிந்து, ரிசு ஒட்டி, வாரக்கணக்காக உழைத்துக் கட்டியவற்றை வாடைக்காற்றில் ஏற்றுவார்கள்.

இதே ஊரார்தான் முன்னர் பாய்க்கப்பல்களையும் கட்டினார்கள். இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வை மாலுமிகளுடன் கடல் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. காற்றையும் பாரத்தையும் கையால் அளந்து பழகிய பரம்பரை அது.

காற்றின் வலிமையைக் குறைத்து எண்ணக்கூடாது என்பதற்கும் வடமராட்சியே சாட்சி. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரிய பட்டமொன்றைப் பலர் சேர்ந்து கயிற்றில் பிடித்திருக்கையில், மற்றவர்கள் கையை விட்டுவிட, ஒருவர் கயிற்றோடு வானத்தில் தூக்கப்பட்டார். அவர் உயிர் தப்பினார். அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். பட்டத்துக்கும் விமானத்துக்கும் இது ஒரே விதி.

பெட்டிக்குள் இருந்தவை

எமது பெட்டியில் வந்தவை அதிகமில்லை. மெல்லிய நுரைத்தகட்டில் வெட்டிய, 60 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வட்டத் தட்டு. அதை வளையாமல் வைத்திருக்க இரண்டு கரிநார்க் கோல்கள். பின்பக்கம் நிமிர்த்தி ஒட்டுவதற்கு இரண்டு சிறு செங்குத்துத் தகடுகள். மோட்டர், சுழலி, மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி, 'சேர்வோ' எனப்படும் இரண்டு குட்டி இயக்கிகள். வானலைக் கருவியையும் பற்றறியையும் தனியே வாங்கினோம்.

வேலையை வயதுக்கேற்பப் பகிர்ந்தோம். கடதாசி மாதிரியை வைத்துக் கோடு கீறுவது சிறியவர்களுக்கு. வெட்டுவதும் ஒட்டுவதும் பெரிய பிள்ளைகளுக்கு. ஈயம் உருக்கிக் கம்பி பொருத்துவது, ஊரில் றேடியோ திருத்திய அனுபவமுள்ள ஓர் அம்மாவுக்கு. அவர் கையிலே அந்தக் கருவியைக் கண்டபோது அவரது பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள்.

கட்டும்போது அவதானிக்க வேண்டியவை சில உண்டு. சாதாரண 'சுப்பர் குளூ' நுரைத்தகட்டைக் கரைத்துத் தின்றுவிடும். நுரைக்கென்று விற்கும் பசையையே பாவிக்க வேண்டும். பின்னோரத்தில் இரண்டு மடிப்புத் தகடுகள் வரும். இரண்டும் ஒன்றாக மேலே மடிந்தால் விமானம் தலைநிமிரும். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் மடிந்தால் பக்கம் சாய்ந்து திரும்பும். வாலில்லாத விமானமாகையால் இந்தத் தகடுகளைப் பூட்டும்போதே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மேல்நோக்கி வைக்க வேண்டும். வால் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சிறு நிமிர்வு செய்கிறது. வாலில்லாப் பட்டத்துக்குக் குறுக்கு ஈர்க்கைப் பின்னால் வில்லாக வளைத்துக் கட்டுவோமே, அதுவும் வால் செய்யும் வேலையை வளைவிடம் ஒப்படைப்பதுதான்.

வட்ட விமானத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. சிறிது தூரம் போனதும் முன் எது, பின் எது என்று தெரியாது. அதனால் முன்பாதிக்கு இருபுறமும் சிவப்பு பூசினோம். அடிப்பக்கத்தின் பின்பாதியில் கறுப்புக் கோடுகள் போட்டோம். இல்லாவிட்டால் திரும்பி வருகிறதென்று நாம் நினைக்க அது போய்க்கொண்டிருக்கும்.

தலைப்பாரம், வால்பாரம்

இங்கு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் நோர்வேஜிய மொழியைப் பிடித்துவிடுகிறார்கள். வைத்தியரிடம் போனாலும், வரி அலுவலகக் கடிதம் வந்தாலும், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு அழைத்தாலும் பத்து வயதுப் பிள்ளை தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுக்கும் தகப்பன், தன் பிள்ளையின் முன்னால் தானே பிள்ளையாகிவிட்டதாக உணர்கிறார். இதை எம்மிற் பலர் வெளியே சொல்வதில்லை. ஆனால் எம் வீடுகள் பலவற்றில் இருக்கும் மனவருத்தம் இது.

விமானப் பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகமும் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும்தான் இருந்தது. பிள்ளைகள் வாசித்தார்கள், பெரியவர்கள் கேட்டோம். 'முன்னோரத்திலிருந்து 14 சென்ரிமீற்றரில் சமநிலைப் புள்ளி இருக்க வேண்டும்' என்ற வரி வந்தபோதுதான் நிலைமை மாறியது. அந்த வரியின் சொற்கள் பிள்ளைகளுக்கு விளங்கின. ஏன் 14, 20 என்றால் என்ன குறை என்பது விளங்கவில்லை.

வந்து சில மாதங்களே ஆன ஒரு தகப்பன், அதுவரை மூலையில் பேசாமல் இருந்தவர், தட்டை வாங்கி இரண்டு சுட்டுவிரல்களின் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இது வால்பாரமா இருக்குது தம்பி. பற்றறியை இன்னும் முன்னுக்குத் தள்ளு."

"எப்பிடி அப்பா தெரியும்? இன்னும் அளக்கேல்லையே."

"முச்சை கட்டின கைக்குத் தெரியாதோ? தலைப்பாரம் எண்டால் குனிஞ்சு குனிஞ்சு போகும், ஆனாப் பிடிக்கலாம். வால்பாரம் எண்டால் சுத்திக் குத்தும். பிறகு பொறுக்கத்தான் வேணும்."

அடிமட்டத்தால் அளந்தபோது 16 இருந்தது. பற்றறியை முன்னுக்கு நகர்த்த 14க்கு வந்தது. இதன் விஞ்ஞானம் இதுதான்: தூக்கும் விசை தட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒன்றுகூடித் தாக்குகிறது. வட்டத் தட்டில் அது நடுவில் இல்லை, முன்னோரத்துக்குக் கிட்ட, குறுக்களவில் ஏறத்தாழக் கால்பங்குத் தூரத்தில் இருக்கிறது. பாரத்தின் மையம் அதற்கும் முன்னால் இருந்தால், காற்று தட்டை நிமிர்த்தும்போது அது தானாகவே குனிந்து சரியாகும். பின்னால் இருந்தால் நிமிர்ந்தது மேலும் நிமிர்ந்து, குப்புறக் கவிழும். முச்சையின் நூலை ஒரு விரற்கடை ஏற்றி இறக்கிப் பட்டத்தைத் திருத்தியவர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகமில்லாமலே படித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒவ்வொரு திருத்தத்துக்கும் தகப்பனின் கையிலே தட்டைக் கொடுத்துக் கேட்கிறான். அவர் முச்சை, விண், வால் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் அவற்றுக்கு நோர்வேஜிய மொழியில் என்ன சொல்லலாம் என்று யோசிக்கிறான். 'விண்' என்பதற்கு அவனால் ஒரு சொல்லும் கண்டுபிடிக்க முடியவில்லை. வில்லில் இழுத்துக் கட்டிய நாடா இரவு முழுவதும் வானத்தில் கூவும் என்று தகப்பன் சொல்ல, அடுத்த கிழமையே அதைச் செய்து காட்டும்படி பிடிவாதம் பிடித்தான். பார்சல் கட்டும் நாடாவில் அதையும் செய்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த நாட்டில் எதைச் செய்வதற்கு முன்னும் விதியைக் கேட்டறிவது நல்லது. 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஆளில்லா விமானங்களுக்கான ஐரோப்பியப் பொதுவிதிகள் நோர்வேயிலும் நடைமுறைக்கு வந்தன. கமரா பூட்டிய டுரோனுக்கு மாத்திரமல்ல, நாம் வீட்டில் கட்டும் மாதிரி விமானத்துக்கும் அவை பொருந்தும்.

வீட்டில் கட்டிய விமானம் 250 கிராமுக்குக் குறைவாகவும், செக்கனுக்கு 19 மீற்றருக்குக் குறைந்த வேகமுடையதாகவும், கமரா இல்லாததாகவும் இருந்தால் பதிவும் தேவையில்லை, பரீட்சையும் தேவையில்லை, பறக்கவிடுபவருக்கு வயதெல்லையும் இல்லை. 250 கிராமும் அதற்கு மேலுமென்றால் 'லுப்ட்பார்ட்ஸ்தில்சீனே' எனப்படும் வான்போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்து, இணையவழிப் பாடத்தையும் பரீட்சையையும் முடிக்க வேண்டும். அத்துடன் வீட்டில் கட்டிய அத்தகைய விமானத்தைக் குடியிருப்புகள், கடைப்பகுதிகள், பொழுதுபோக்கிடங்கள் ஆகியவற்றிலிருந்து 150 மீற்றராவது விலகி நின்றே பறக்கவிட வேண்டும். ஸ்டோவ்னரைப் போன்ற மாடிக்குடியிருப்புப் பகுதியில் அப்படியோர் இடம் கிடைப்பது கடினம். பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு இந்தச் சிறிய தட்டை நாம் தெரிவுசெய்ததன் காரணம் இதுதான். எல்லாம் பூட்டியபின் தராசில் வைத்தோம்: 184 கிராம்.

சிறியதானாலும் சில விதிகளிலிருந்து தப்ப முடியாது. நிலத்திலிருந்து 120 மீற்றருக்கு மேலே போகக்கூடாது. ஸ்டோவ்னரில் 2017இல் திறந்த வளைந்து வளைந்து ஏறும் நடைபாதைக் கோபுரத்தின் உயரம் 15 மீற்றர். அதைப்போல எட்டு மடங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். விமானம் எப்பொழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூடியிருக்கும் மக்களின் மேலாகப் பறக்கக்கூடாது. விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீற்றருக்குள் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. ஒஸ்லோவில் வேறு தடைப்பகுதிகளும் உண்டு. ஆகவே போகுமுன் வரைபடத்தைப் பார்ப்பது அவசியம்.

இன்னொன்றும் உண்டு. லோரன்ஸ்கூக்கில் உள்ள ஆஹூஸ் மருத்துவமனைக்கு நோயாளரை ஏற்றிவரும் உலங்குவானூர்திகள் இந்தப் பள்ளத்தாக்கின் மேலாகத் தாழப் பறப்பதுண்டு. சத்தம் கேட்டவுடனேயே எமது விமானத்தைத் தரையிறக்கிவிட வேண்டும். உலங்குவானூர்தியைக் கண்டால் ஓடி ஒளிந்த எமக்கு, அதற்கு வழிவிட்டு நிற்பது புதிய பழக்கம்.

பெரிய விமானங்களில் ஆசை வந்தால் கழகமொன்றில் சேர்வதே சிறந்த வழி. நோர்வே வான்விளையாட்டுச் சம்மேளனத்தில் மாதிரி விமானங்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. அதன் கழகங்களுக்குச் சொந்த மைதானங்களும் தனியான விதிமுறைகளும் உண்டு. சேதம் விளைந்தால் ஈடுசெய்யும் காப்புறுதியும் அங்கத்துவத்தோடு கிடைக்கிறது.

வண்டுச் சத்தம்

இனிச் சொல்வதைச் சொல்லாமல் விடலாமா என்று எமக்குள் கதைத்தோம். சொல்வதென்றே முடிவாயிற்று.

போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு 'வண்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. முதலில் வண்டு இரையும், பிறகு கிபீர் வரும், பிறகு குண்டு விழும். 2009 வரை அந்த இரைச்சலைக் கேட்டபடி பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் இன்று எமது வீடுகளில் அம்மம்மாவாகவும் அம்மாவாகவும் இருக்கிறார்கள். எமது தோசைக்கல்லின் சிறு மோட்டரும் அதேபோலத்தான் இரையும்.

ஐந்து குடும்பங்களில் ஒன்றில் அப்படியோர் அம்மம்மா இருக்கிறார். அவர் வீட்டில் இருக்கும்போது மோட்டரைச் சுழற்றிப் பார்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டோம். பறக்கும் நாள் நெருங்கியபோது அவரது பேத்தி விடயத்தை மறைக்காமல் சொன்னாள். பிறகு சுழலியைக் கழற்றிவிட்டு மேசையில் வைத்துக் காட்டினோம். "அம்மம்மா, நீங்களே போட்டுப் பாருங்கோ. நீங்கள் விட்டால் நிண்டுடும்" என்று வானலைக் கருவியை அவரது மடியில் வைத்தாள் பேத்தி. அவர் பிடியை ஒருமுறை தள்ளினார். மோட்டர் இரைந்தது. உடனே கையை எடுத்தார். நின்றது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு இன்னொருமுறை தள்ளினார். மூன்றாம் முறை சற்று நேரம் ஓடவிட்டார்.

"இவ்வளவுதானோ?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மைதானத்துக்கு அவர் வரவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. வீட்டு யன்னலிலிருந்து பார்த்ததாகப் பிறகு பேத்தி சொன்னாள்.

இத்தகைய பொழுதுபோக்கைத் தொடங்கும் குடும்பங்கள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் எமது நாட்டவர் மட்டுமல்ல, போர் நடந்த வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வது நல்லது. சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

பனியில் முதற் பறப்பு

பனிமூடிய மைதானம் பழகுவோருக்கு நல்ல மெத்தை. விழுந்தாலும் நுரைத்தகடு உடைவது குறைவு. குளிர்தான் பிரச்சினை. பற்றறி குளிர்ந்தால் அதன் வலு குறைந்துவிடும். பறக்கும் வரை அதைச் சட்டைப்பைக்குள் உடம்புச்சூட்டில் வைத்திருந்தோம். டிசம்பரில் மூன்று மணி கடந்ததும் இருட்டிவிடுவதால் மத்தியானத்துக்கு முன்னரே போக வேண்டும்.

பறக்குமுன் ஒவ்வொரு முறையும் செய்யும் சோதனை ஒன்றைப் பிள்ளைகள் மந்திரம்போல மனனம் செய்திருக்கிறார்கள். பிடியைப் பின்னே இழுத்தால் இரண்டு தகடும் மேலே. வலது பக்கம் தள்ளினால் வலது தகடு மேலே, இடது தகடு கீழே. பற்றறி இறுக்கமா? சமநிலை 14இலா? காற்று எந்தப் பக்கம்?

ஒரு பிள்ளை தட்டைக் காற்றுக்கு எதிராகப் பிடித்து மெதுவாகத் தள்ளிவிட்டாள். அது விழவில்லை. மனிதர் ஓடும் வேகத்தில், சற்றுத் தலைநிமிர்ந்தபடி, அவசரமில்லாமல் ஏறியது. பெரிய வட்டமாகத் திரும்பியது. நாய்களுடன் உலாவ வந்த நோர்வேஜியர் இருவர் நின்று பார்த்தார்கள். "இது என்ன?" என்று ஒருவர் கேட்க, "தோசை" என்று எமது சிறுவன் தமிழிலேயே பதில் சொன்னான். தோசை என்றால் என்ன என்று விளக்குவதற்கே பிறகு ஐந்து நிமிடம் போயிற்று.

இரண்டாம் பறப்பில் காற்று எழுந்தது. 184 கிராம் தட்டுக்குக் காற்று பெரிய எதிரி. அது இருந்த இடத்திலேயே நின்று, பிறகு பின்னோக்கி நகர்ந்து, பனிக்குள் செருகியது. செங்குத்துத் தகடொன்று முறிந்தது. பசை பூசி ஒட்டப் பத்து நிமிடமும் ஆகவில்லை. விமானம் எம்மை நோக்கி வரும்போது இடம் வலமாக மாறுவதுதான் பழகுவோருக்குக் கடினமான பாடம். 'எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் பிடியைத் தள்ளு' என்று பழக்கினால் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குச் சற்று நாளாகும்.

தொடங்க விரும்புவோருக்கு

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஐந்து குடும்பங்கள் பங்குபோட்டபோது, ஒரு பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கும் செலவைவிடக் குறைவாகவே ஒவ்வொருவருக்கும் வந்தது. வானலைக் கருவியைப் பாவித்ததாக 'ஃபின்' விளம்பரங்களில் வாங்கலாம். 2.4 கிகாஹேட்ஸ் அலையில் இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய 35 மெகாஹேட்ஸ் கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையில் இயக்கினால் விமானம் விழுந்துவிடும். புதியவற்றில் ஒவ்வொரு கருவியும் தனது விமானத்தோடு மாத்திரமே பேசும்.

லிதியம் பற்றறியில் கவனம் தேவை. ஆளில்லாத வேளையில் சார்ச் ஏற்றக்கூடாது. கதிரை மெத்தையிலோ கட்டிலிலோ வைத்து ஏற்றக்கூடாது. நெருப்புப் பிடிக்காத தட்டில் வைத்து ஏற்றுங்கள். வீங்கிய பற்றறியைப் பாவிக்காதீர்கள். குப்பையில் போடாமல் பற்றறி விற்கும் கடையில் கொடுத்தால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கு ஆர்வமூட்ட விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெல்சோஸில் உள்ள நோர்வே தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1914 ஜூலை 30ஆம் திகதி ஸ்கொட்லாந்திலிருந்து வடகடலை விமானத்தில் முதன்முதலாகக் கடந்து நோர்வேயில் இறங்கிய த்ரிக்வே கிரானின் விமானம் அங்கே இருக்கிறது. மரச்சட்டமும் துணியும் கம்பியும்தான். கிட்ட நின்று பார்த்தால் பட்டம் கட்டியவர்களுக்கு அதன் அமைப்பு உடனே விளங்கும். தமிழர் சாதனையும் சொல்ல உண்டு. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழு, மாதிரி விமானங்களில் ஈடுபாடுள்ள நடிகர் அஜித்குமாரின் ஆலோசனையுடன், 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில்தான்.

விமானம் வாங்க வசதியில்லையென்றால் பட்டத்தில் தொடங்குங்கள். மூங்கிலுக்குப் பதில் தோட்டக் கடைகளில் செடிக்கு நடும் கோல் கிடைக்கும். அதைச் சீவலாம். ரிசுக் கடதாசியும் பசையும் நூலும் ஸ்டோவ்னர் சென்டரிலேயே கிடைக்கும். முச்சையை மட்டும் வீட்டிலுள்ள அப்பாவோ அப்பப்பாவோ கட்டட்டும். எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். தைப்பொங்கலன்று பொங்கிப் படைத்துவிட்டு மைதானத்துக்குப் போக, நத்தார் விடுமுறையிலேயே ஈர்க்குச் சீவத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.